ஒரே ஒரு தண்டு

என் மனைவி இறந்த வாரத்தில் மான்கள் மரப்பட்டை தின்றுகொண்டிருந்தன. நானூறு புள்ளிகளில் நூற்றுப் பதினொன்று பட்டை, இருநூற்று ஆறு சருகு, மீதி எதுவென்று பிரிக்க முடியாத நார். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். எழுதியது நினைவில்லை.

என் வேலை எளிது. எங்கள் மலையில் சுடப்படும் மான்கள், சுருக்கில் விழும் மான்கள் எல்லாவற்றின் இரைப்பையிலிருந்தும் வேட்டைக்காரர்கள் ஒரு கைப்பிடி எடுத்து உறையில் போட்டுத் தருவார்கள். மேலே தேதி, இடம், ஆணா பெட்டையா என்று எழுதியிருக்கும். நான் அதைச் சல்லடையில் கழுவி, கட்டம் போட்ட தட்டில் பரப்பி, உருப்பெருக்கி வைத்து எண்ணுவேன். எந்தப் புள்ளியில் எது கிடக்கிறது என்பதுதான் கணக்கு. ஏப்ரலில் புதுத் தளிர். ஜூனில் இலை. ஆகஸ்டில் கைக்கெட்டும் உயரத்தில் இலை தீர்ந்துவிடும், காற்று தள்ளியதைத் தின்னும். அக்டோபரில் கருவாலி மரம் உதிர்க்கும் கொட்டை. பிறகு சருகு, பட்டை, மறுபடி ஏப்ரல்.

மூடிப்போன பள்ளிக்கூடத்தின் அறிவியல் அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நான்கு தண்ணீர்த் தொட்டிகள் இருந்ததால் அந்த அறை. புளித்த வைக்கோல் நாற்றம் என் சட்டையை விட்டுப் போவதில்லை. சிகுசாதான் இதற்கெல்லாம் மூக்கைப் பொத்துவாள். அவளும் நானும் ஒரே கல்லூரியில் வனவியல் படித்தோம். எனக்கு மான் என்ன தின்கிறது என்பது வேலை. அவளுக்கு மான் தின்னாமல் விட்டது என்ன என்பது.

விட்டது அதிகம் இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது ஆள் மறையும் உயரத்துக்குக் குட்டை மூங்கில் நின்ற சரிவுகளில் இப்போது வெறும் மண்ணும் மான் தொடாத நச்சுப் புதரும்தான். மேல் ஓடைக்குப் பக்கத்தில், வடக்குப் பார்த்த ஈரச் சரிவில் மட்டும் ஒரு செடி பிழைத்திருந்தது. மெழுகில் செய்தது போலத் தடித்த இதழ்களோடு தலைகவிழ்ந்து பூக்கும் மஞ்சள் மணிப்பூ. இந்த மலைத்தொடரில் வேறெங்கும் அது இல்லை என்று ஆகிவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவளும் அவள் அப்பாவும் அதைச் சுற்றி இருபது அடிக்கு இருபது அடி வலை கட்டினார்கள். ஒவ்வோர் ஆகஸ்டும் போய்த் தண்டுகளை எண்ணுவாள். கடைசியாக நாற்பத்து மூன்று.

அக்டோபரில் காய் பழுத்ததும் விதை எடுத்துச் சமவெளியில் உள்ள தாவரத் தோட்டத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. இரண்டு ஆண்டுகள் காய் பழுக்கும் முன் புயல் வந்து எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. மூன்றாவது ஆண்டும் விதை இல்லை என்றால் வலையைக் கழற்றிக் கீழே தேவதாருக் கன்றுகளுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று வன அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இது மூன்றாவது ஆண்டு. பிப்ரவரியில் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. வயது முப்பத்தொன்று. வாய் கொப்பளித்த தண்ணீரை நான்தான் துடைத்தேன்.

அந்த விதை மட்டும் கைக்கு வந்தால் போதும் என்று இருந்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மே மாதம் முளைத்தவற்றை எண்ணினேன். நாற்பத்து மூன்று. ஜூலை கடைசியில் மொட்டு வைத்திருந்தன.

"வயித்து வாத்தியாரே! மூணு பேரோட மதியச் சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

இது தொமொயே. ஊரின் வேட்டைக் குழுவுக்குத் தலைவி. ஐம்பது வயது, ஆறு நாய்கள், இரண்டு விவாகரத்து. உறைகளைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பட்டையத் தின்னது மானா நீயான்னே தெரியல. சோறு திங்கிறியா இல்லியா?"

"திங்கிறேன்."

"என்ன தின்ன, சொல்லு. நேத்து ராத்திரி."

யோசித்தேன். தெரியவில்லை.

"பாத்தியா. மானு நேத்து என்ன தின்னுச்சுன்னு கேளு, புள்ளி வச்சுச் சொல்லுவான்" என்று சிரித்தாள். பிறகு, "நாளன்னைக்கு ஆகஸ்டு பதிமூணு. நாலு நாளைக்குத் துப்பாக்கிய ஆணியில மாட்டிருவோம். சுருக்கெல்லாம் நாளைக்கே எடுத்துர்றோம். செத்தவங்க வீட்டுக்கு வர்ற நேரத்துல ரத்தம் ஆகாது. உனக்கும் லீவு. குளி."

அன்று மாலை மாமா வந்தார். கென்சாகு, சிகுசாவின் அப்பா. அடுத்த வீடுதான். சிகுசாவுக்கு ஏழு வயதிருக்கும்போதே மனைவியை இழந்தவர். போன ஆண்டு ஓடைப் பாறையில் விழுந்து இடது தோள் உடைந்தது. அந்தக் கை மடங்கியபடியே நிற்கும், தூக்க வராது. பிப்ரவரிக்குப் பிறகு தினமும் மாலையில் வருவார். வந்ததும் ஒரே கேள்வி.

"இன்னிக்கு என்ன தின்னிருக்கு?"

முன்பு இரவுச் சாப்பாட்டில் அவருக்கு இதைச் சொல்வது சிகுசாவின் வழக்கம். இப்போது நான் சொன்னேன். "இலை, மாமா. காத்துல விழுந்தது. கொஞ்சம் காளான்."

"ம்." உட்காரவில்லை. "மாப்பிள்ளை, நாளன்னைக்கு வெள்ளனப் பூ எடுக்க மலைக்குப் போகணும். அவளுக்கு முதல் வருஷம். வழி தெரியாது. பூவுல ஏறித்தான் எறங்கி வரணும்."

"கடையில வாங்கிக்கலாமே."

"கடைப் பூவுலயா? பிளாஸ்டிக் உறைக்குள்ள மூச்சு முட்டிச் செத்துரு…" நிறுத்திக்கொண்டார். "அவ அம்மாவுக்கு நானும் அவளும்தான் எடுத்துட்டு வருவோம். இருவத்தி நாலு வருஷம். இப்ப புருசன் போகணும்."

"மலையில பூ எங்க இருக்கு மாமா? எல்லாம்தான் தின்னாச்சு."

"தேடுவோம்."

"எனக்கு இருபது உறை பாக்கி."

அவர் என் கைகளைப் பார்த்தார். "சாணியாப் போறத எண்ணிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபது உறை பாக்கி இருந்தது உண்மை. அது ஒரு காரணமே இல்லை என்பதும் உண்மை. அவள் பூவில் ஏறி வருவாள் என்பதை அவர் முன்னால் நின்று நம்புவது போல நடிக்க எனக்குத் தெம்பில்லை.

பதிமூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு அவர் வந்தார். முழங்கால் வரை சேறு. மடங்கிய இடது கையின் வளைவில், ஈரத் துணியில் சுற்றி, ஒரு தண்டு. மூன்று மொட்டு, ஒரு பூ. மஞ்சள்.

நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "மூணு மலை ஏறி எறங்கிட்டேன். கல்லறையில வைக்கிற நச்சுக் கொப்புதான் எங்கும் நிக்குது. அதையா கொண்டாருவேன்? ஒண்ணுதான் எடுத்தேன். ஒரே ஒரு தண்டு. மத்ததுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

நாற்பத்திரண்டு மீதி என்று கழித்துப் பார்த்தேன். போதும். நாற்பத்திரண்டில் பத்து காய்த்தாலும் போதும்.

அவர் அந்தப் பூவை வாசலில் வைக்கவில்லை, மேசையில் வைக்கவில்லை. மிதியடியைக் காலாலேயே கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் அவள் படத்துக்கு முன்னால் இருந்த குவளையில் செருகினார். அதுவரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுதான் முறை. மலையிலிருந்து கொண்டுவரும்போது வழியில் தரையில் வைத்தால் ஏறி வந்தவர் அங்கேயே இறங்கிவிடுவார், திரும்பிப் பார்த்தாலும் போய்விடுவார் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"வந்துட்டியா" என்றார் படத்திடம். "உக்காரு."

பதினான்காம் தேதி மழை. பதினைந்தும் மழை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊதுவத்தி, தர்ப்பூசணி, "இவ்வளவு சின்ன வயசுல" என்ற சொல். நான் தலை குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். பதினாறாம் தேதி மாலை ஆற்றங்கரையில் சிறு தீ மூட்டி அவளைத் திருப்பி அனுப்பினோம். மாமா தீ அணையும்வரை நின்றார். பூவை மட்டும் ஆற்றில் விடவில்லை, வாடும்வரை இருக்கட்டும் என்றார்.

பதினேழாம் தேதி வேட்டை மறுபடி தொடங்கியது. பத்து மணிக்கே தொமொயேயின் வண்டி வந்தது.

"இந்தா. நாலு நாள் விட்டதுக்கு மெத்தனமா வந்து நின்னுச்சு, மேல் ஓடைகிட்ட. பெட்டை. கொழுத்துக் கெடக்கு, அதான் ஆச்சரியம். ஆகஸ்டுல எலும்பாவுல்ல இருக்கும்."

உறையில் மேல் ஓடை என்று எழுதியிருந்தது.

கழுவினேன். பச்சைத் தண்ணீர் போனது, பிறகு பழுப்பு. சல்லடையில் மஞ்சள் நின்றது. மற்ற இதழ்கள் இரைப்பைக்குள் இரண்டு மணி நேரத்தில் கூழாகிவிடும். இது மெழுகு. கரையவில்லை. பற்கள் பட்ட இடத்தில் மட்டும் மடிந்திருந்தது.

தட்டில் பரப்பினேன். எண்ணினேன். பாதியில் எழுந்து ஓடவில்லை. நானூறும் எண்ணினேன். மணிப்பூவின் இலை நூற்று முப்பத்தெட்டு, தண்டு நாற்பத்தொன்று, இதழ் ஐம்பத்தெட்டு. எழுதினேன். தேதி போட்டேன். அதன் பிறகுதான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

வலையின் வாசலில் மேல் கொக்கிகள் இரண்டும் ஒழுங்காக மாட்டியிருந்தன. கீழே, வலையின் ஓரத்தைத் தரையில் அடித்த இரும்பு முளையோடு இழுத்துக் கட்டும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கை வலையை இழுத்துப் பிடிக்க, ஒரு கை சுற்ற. மான் வலையைத் தாண்டாது, மூக்கால் கீழே தூக்கிப் பார்க்கும். தூக்க வந்தால் நுழையும். வலைக் கண்ணியில் மான் முடி ஒட்டியிருந்தது.

உள்ளே முழங்கால் உயரத்துக்கு நாற்பத்து மூன்று மொட்டைத் தண்டுகள். மானுக்கு மேல் முன்பல் கிடையாது. வெட்டாது, இழுத்துப் பிய்க்கும். நாற்பத்திரண்டின் நுனியிலும் நார் தொங்கியது. ஒன்று மட்டும் சாய்வாக, சுத்தமாக, கத்தியால் வெட்டியிருந்தது.

பிப்ரவரியில் நடந்ததற்கு நான் ஆளைத் தேடியிருக்கிறேன். மருத்துவரிடம் கேட்டேன். முன்னாலேயே தெரிந்திருக்குமா, தலைவலி என்று ஒருமுறை சொன்னாளே, நான் கூட்டி வந்திருந்தால்? "யார் மேலயும் தப்பில்ல" என்றார். ஆறு மாதம் அந்தப் பதிலோடு இருந்தேன். அந்தச் சரிவில் நின்றபோது முதல் முறையாக எனக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தார். உடம்பில் ஏதோ சூடு திரும்பியது. அதை மகிழ்ச்சி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தெரியவில்லை.

மாலை அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். ஒரு டப்பாவில் வேகவைத்த பூசணி.

"இன்னிக்கு என்ன தின்னிருக்கு?"

தட்டை அவர் பக்கம் தள்ளினேன். உருப்பெருக்கியைக் கையில் கொடுத்தேன். "நீங்களே பாருங்க."

குனிந்தார். "மஞ்சளா இருக்கே."

"ஆமா."

"மஞ்சளா இந்தக் காட்டுல என்ன இருக்கு? ஒண்ணும்…"

நிமிர அவருக்கு நேரமாயிற்று. உருப்பெருக்கியை மேசையில் மெதுவாக வைத்தார், உடையக்கூடியதை வைப்பது போல.

"எத்தன மிச்சம்?"

"இல்ல."

"பாதியாவது…"

"ஒண்ணும் இல்ல மாமா."

"மேல் கொக்கி ரெண்டும் மாட்டினேன். நல்லா மாட்டினேன். இழுத்துக்கூடப் பாத்தேன்."

"கீழ?"

அவர் மறுபடி தட்டின் மேல் குனிந்தார்.

"கீழ முளையில கட்டணும்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதான அடிச்சீங்க அந்த முளைய."

"பூ கைல இருந்துச்சு."

"கீழ வச்சிட்டுக் கட்டியிருக்கலாம்ல. ஒரு நிமிஷம்."

"அவள எப்படிடா கீழ வைப்பேன்?"

ஏழு ஆண்டுகளில் அவர் என்னை டா போட்டதில்லை. நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்த மனமில்லை.

"அது அவ இல்ல மாமா. அது ஒரு பூ. அவ விட்டுட்டுப் போனது அந்த நாப்பத்தி மூணுதான். அத நீங்க மானுக்குப் போட்டுட்டீங்க."

அவர் தன் இடது கையைப் பார்த்தார். மடங்கியபடியே இருந்தது, இப்போதும் எதையோ ஏந்தியிருப்பது போல.

"எனக்கு இருக்கறது ஒண்ணரைக் கை" என்றார். குரல் உயரவில்லை. "அரைக் கைல அவ. மிச்சத்த வச்சு மேல மாட்டினேன். கீழ குனிஞ்சேன், முடியல. வீட்டுக்கு வந்து உன்ன அனுப்பலாம்னு நெனச்சேன். வந்ததும் அவளப் பாத்ததுல மறந்துட்டேன். அது என் தப்பு. ஒத்துக்கறேன்." நிறுத்தினார். "உனக்கு ரெண்டு கை இருந்துச்சு மாப்பிள்ளை. சும்மாதான இருந்துச்சு."

பூசணி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் விளக்கை அணைக்கவில்லை. தட்டைக் கழுவவும் இல்லை. அவர் சொன்னதில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். நான் போயிருந்தால் பூ அவர் கையிலும் கயிறு என் கையிலும் இருந்திருக்கும். போகாவிட்டாலும், பதினான்காம் தேதி மழையில் ஒரு நடை ஏறிப் பார்த்திருக்கலாம். நாற்பத்திரண்டு என்று கழித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கழித்தல் சரியாகத்தான் இருந்தது.

அக்டோபரில் கருவாலி நன்றாகக் காய்த்தது. இரைப்பைகளில் கொட்டை ஓடு முந்நூறு புள்ளிவரை வந்தது. மாமா வந்து கேட்கவில்லை. காலையில் குப்பை வைக்கும் இடத்தில் பார்ப்போம். "குளிர் வந்துருச்சு" என்பார். "ஆமா மாமா" என்பேன்.

தொமொயே ஒருநாள் உறைகளோடு வந்து நின்றாள். "ஒங்க மாமனாருக்கு மூளை கொழம்பிருச்சா? மேல் ஓடையில பத்துச் சுருக்கு கூடுதலா வையின்னு வந்து நிக்கிறாரு. சரின்னு வச்சேன். மறுநாள் வந்து எடுத்துருங்கறாரு. ஏன்யான்னா, 'பசிச்சா திங்காம என்ன பண்ணும்'ங்கறாரு. மானு மேல கோவமா பாசமா, ஏதாவது ஒண்ணுல நில்லுய்யான்னேன்."

"என்ன சொன்னாரு?"

"மானு மேல ஒண்ணும் இல்லன்னாரு." அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ செத்துக் கெடக்கு. நாறுது. எம் மூக்குக்கே நாறுதுன்னா பாத்துக்க."

விதை இல்லை என்று அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினேன். மான் நுழைந்தது என்று எழுதினேன். எப்படி என்று எழுதவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. நவம்பரில் பதில் வந்தது, பனி உருகியதும் வலையைக் கழற்றிக் கம்பங்களைக் கீழே சேர்க்கவும் என்று.

டிசம்பர், சருகு. ஜனவரி, சருகும் பட்டையும். பிப்ரவரி, பட்டை. நானூறில் நூற்றுப் பத்தொன்பது, போன ஆண்டைவிட எட்டுப் புள்ளி அதிகம். முதல் ஆண்டு நினைவு நாளில் மாமாவும் நானும் அருகருகே உட்கார்ந்து பூசாரி ஓதுவதைக் கேட்டோம். கல்லறையில் நச்சுக் கொப்புதான் வைத்தோம். மலையில் வேறு எதுவும் இல்லை.

மார்ச் கடைசி வாரம் வலையைக் கழற்ற ஏறினேன். மாமாவிடம் சொல்லவில்லை. மேலே போனபோது மாமா முன்பே வந்து கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொமொயே சொல்லியிருக்க வேண்டும்.

ஈர வலை கனக்கும். ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் சுருட்ட முடியும். அவர் வலது கையால் பிடித்தார், மடங்கிய கையை வலைக்கு அடியில் கொடுத்து அணைத்துக்கொண்டார். நான் சுருட்டினேன். கம்பங்களைப் பிடுங்கினோம். கடைசியாகக் கீழ் முளை. ஆறு ஆண்டு மண்ணில் இறுகிப்போயிருந்தது. அவர் ஆட்ட, நான் இழுத்தேன். வந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சருகுக்கு அடியில் மணிப்பூவின் வேர்க்கட்டைகள் இருந்தன. அவ்வளவு எளிதில் சாகாது அந்தச் செடி. சிலவற்றில் நகக்கண் அளவுக்குச் சிவப்பாகக் குருத்து விட்டிருந்தது. மாமா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எண்ணவில்லை. தோண்டி வீட்டில் வைத்தாலும் எங்கள் தாழ்விடத்து வெயிலில் நிற்காது. சிகுசா இரண்டு முறை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஏப்ரல்ல என்ன திங்கும்?" என்று கேட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு.

அவருக்குத் தெரியும். இந்த மலையில் பிறந்தவர்.

"புதுத் தளிர், மாமா."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் தலையசைத்தார். சுருட்டிய வலையின் ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார், நல்ல தோளில். மறுமுனை எனக்கு. அவர் முன்னால் நடந்தார். வழுக்கும் இடத்தில் மட்டும், "பாத்து" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.